நடக்க விடும் ஊர்: உள்ளாட்சியும் உடல்நலமும் – கேள்வி பதில்

நடைபாதை, சிக்னல், பூங்கா, கேன்டீன் டெண்டர், கடை உரிமம் என்று உள்ளாட்சியின் கையெழுத்து செல்லுபடியாகும் எதையும் கேளுங்கள். எடை குறைப்பும் டயட் சார்ட்டும் இங்கே வேண்டாம்.

புதுமுகம்: மேடம், முதல் தடவை கவுன்சிலர் ஆகியிருக்கேன். மக்களை நடக்க வைக்க விழிப்புணர்வுப் பேரணி நடத்தலாம்னு யோசனை. சரியா?

பேரணியை விடுங்க. நடந்தால் நல்லது என்று தெரியாதவர் யாருமில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் ஐந்து நாள், போக 15 நிமிடம், வர 15 நிமிடம், கணக்கு முடிந்தது. பஸ் ஸ்டாப்புக்கும் கடைக்கும் நடந்தாலே போதும். அந்த 15 நிமிடப் பாதையில் ஆள் எங்கே நடையைக் கைவிடுகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

ஒரு சக்கர நாற்காலியை வாங்கி, பள்ளி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை தள்ளிப் பாருங்கள். சாலைக்கு இறங்க வேண்டி வரும் ஒவ்வொரு இடத்தையும் வரைபடத்தில் குறியுங்கள். பெரும்பாலும் மூன்று தவறுகள் சிக்கும்.

ஒன்று, சரிவு. விளிம்புக்கல் 15 செ.மீ. உயரம் என்றால் 1:12 சரிவுக்கு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற கணக்கில், 1.8 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று 60 செ.மீ.யில் முடித்தால் அது 1:4. ஏறும்போது நாற்காலி பின்னால் சாயும். இரண்டு, அகலம். எதிரெதிரே இரண்டு நாற்காலி கடக்க 1.8 மீட்டர் தேவை. டெண்டரில் வெறுமனே "அகலம்" என்று எழுதினால் விளக்குக் கம்பம், மரம், ஜங்ஷன் பாக்ஸ் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். "தடையில்லாத அகலம்" என்று எழுதுங்கள். மூன்று, ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நடைபாதை இறங்கி ஏறுவது. ஒட்டகச் சவாரி மாதிரி இருக்கும். நடைபாதை அதே மட்டத்தில் போகட்டும், கார்தான் ஏறி இறங்க வேண்டும்.

கடைசியாக, இதை அடிக்கடி சொல்வேன், பொறுத்துக்கோங்க: அடுத்த வருஷம் உடையும் கல்லை மாற்றப் பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று தெரியாமல் அடிக்கல் நாட்டாதீர்கள்.

பேரன்: எங்க பாட்டி சிக்னல்ல பாதி ரோடு தாண்டுறதுக்குள்ள சிவப்பு விழுந்துடுது. நகராட்சியில கேட்டா "விதிப்படிதான் இருக்கு"ங்கறாங்க.

அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். விநாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துப் பல இடங்களில் நேரம் போடுவார்கள். 14 மீட்டர் சாலைக்கு 12 விநாடி வரும். பாட்டியின் நடை 0.8 மீட்டர் என்றால் அதே சாலைக்குப் பதினேழரை விநாடி. 12 விநாடியில் அவர் 9.6 மீட்டர்தான் வந்திருப்பார், மீதி 4.4 மீட்டர் வண்டிகளுக்கு நடுவில். "நேரத்தைக் கூட்டுங்கள்" என்று பொதுவாக எழுதாமல், சாலையை அளந்து, பாட்டியின் நடையை அளந்து, இந்தக் கணக்கோடு மனு கொடுங்கள். கூட்ட முடியாது என்றால் சாலை நடுவில் நின்று கடக்க ஒரு மேட்டுத் திட்டு கேளுங்கள், 2 மீட்டர் அகலமாவது. ஒரு மீட்டர் திட்டில் குழந்தை வண்டியின் மூக்கு சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும்.

சைக்கிள் மணி: 30 கி.மீ. வேகப் பலகை வச்சா போதுமா அக்கா? நடக்கிறதுக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்னு எங்க தலைவர் கேட்கிறார்.

ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி, சாலை உலர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30-ல் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50-ல் வருபவர் 13 மீட்டர் தாண்டும்போது இன்னும் பிரேக்கையே தொட்டிருக்க மாட்டார். அவர் நிற்க ஏறக்குறைய 28 மீட்டர் ஆகும். பிள்ளையை நடத்திப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று பெற்றோர் முடிவெடுப்பது இந்த இடைவெளியில்தான். பிரஸ்ஸல்ஸ் 2021 ஜனவரியில் ஊர் முழுவதும் 30-ஐப் பொதுவிதி ஆக்கியது. ஆனால் பலகை மட்டும் போதாது. அகலச் சாலை "வேகமாப் போ" என்றுதான் சொல்லும். தடத்தை 3 மீட்டராகக் குறுக்குங்கள், திருப்பத்தின் வளைவைச் சின்னதாக்குங்கள், கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

இனிப்பில்லாதவர்: எனக்குச் சர்க்கரை 180. காலையில் நடக்கலாமா, மாலையிலா?

உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கணக்குப்புலி: அலுவலக கேன்டீன் டெண்டர்ல "ஆரோக்கியமான உணவு வழங்க வேண்டும்"னு போட்டோம். ஒண்ணும் மாறல.

மாறாது. அந்த வரியை மீறினார் என்று யாரால் நிரூபிக்க முடியும்? அளக்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள். பெரியவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மதியச் சாப்பாட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒன்றரை கிராம் சொச்சம். கேன்டீன் மாதம் எத்தனை கிலோ உப்பு வாங்கியது, எத்தனை சாப்பாடு விற்றது என்ற இரண்டு எண்ணும் பில்லிலேயே இருக்கும், வகுத்துப் பாருங்கள். எண்ணெய்க்கும் அப்படியே. பானங்களில் 100 மி.லி.க்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளதை விற்கக்கூடாது என்று எழுதுங்கள், லேபிளைப் பார்த்தே பிடித்துவிடலாம். குடிநீர் இலவசமாக, கல்லாவுக்கு முன்னால் இருக்க வேண்டும். மூலையில் வைத்தால் கணக்கில் இல்லை. மீறினால் என்ன அபராதம் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

மழைத்துளி: குளிர்பான வரி நகரமே போடலாமா?

சட்டம் அனுமதித்தால். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் 2014-ல் வாக்கெடுப்பில் ஜெயித்து 2015-ல் அமலானது. பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று ஆலோசனை சொல்ல ஒரு குழுவும் வைத்தார்கள். சிகாகோ இருக்கும் குக் கவுன்டியில் 2017 ஆகஸ்டில் வந்த வரி டிசம்பரில் போயே போச்சு. பட்ஜெட் ஓட்டையை அடைக்கும் வேலையாகத்தான் மக்கள் அதைப் பார்த்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் வரி வந்ததும் குளிர்பானம் வாங்குவது குறைந்தது, ஆனால் ஒரு பகுதி எல்லை தாண்டிய கடைகளுக்குப் போனது. மேலே உள்ள அரசு கையைக் கட்டிவிடவும் கூடும்: கலிஃபோர்னியா 2018-ல் புதிய உள்ளூர் வரிகளுக்குத் தடை போட்டது.

இரும்புக்கரம்: பூங்காவில் திறந்தவெளி ஜிம் வைக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே? மக்கள் கேட்பது அதைத்தான்.

கேட்கிறார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மெஷின்களில் பலவற்றில் எடையைக் கூட்டவே வழியில்லை, உங்கள் உடம்பு எடைதான் சுமை. கொஞ்ச நாளில் பழகிவிடும், அதற்கு மேல் பயன் ஏறாது. நிழல் இல்லாவிட்டால் பகலில் கைப்பிடியைத் தொட முடியாது. பேரிங்கில் மண் போய், ரப்பர் தடுப்பு கழன்று, கிரீச் என்று கத்த ஆரம்பித்ததும் ஒன்றொன்றாகக் கயிறு கட்டிவிடுவார்கள்.

இரும்புக்கரம்: அது பராமரிப்புக் குறை. மெஷினைக் குறை சொல்லாதீங்க. ஜிம்முக்குப் பணம் கட்ட முடியாதவங்க எங்க போவாங்க?

ஒற்றையடிப் பாதை: நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எங்க பூங்காவுல பெண்கள் அந்த மெஷின் பக்கமே போறதில்ல. சுத்தி ஆம்பளைங்க உட்கார்ந்து பேசிட்டிருக்காங்க.

இரும்புக்கரம்: அதுக்கு நேரம் பிரிச்சு விடலாமே!

பணமில்லாதவர் எங்கே போவார் என்ற கேள்வி சரியானது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு பிரேசிலின் ரெசிஃபே நகரம் சொன்ன பதில் வேறு. 2002-லிருந்து நகராட்சியே உடற்பயிற்சி ஆசிரியர்களைச் சம்பளத்துக்கு வைத்து, பொது இடங்களில் இலவச வகுப்பு நடத்துகிறது. 2011-ல் நாடு முழுவதற்குமே அப்படியொரு திட்டம் வந்தது. ஆசிரியர் இருந்தால் பெண்கள் குழுவாக வர ஒரு காரணம் கிடைக்கிறது, முட்டி வலிக்காரருக்கு எதைச் செய்யக்கூடாது என்று சொல்ல ஆள் இருக்கிறது. இரும்புக்கு ஒருமுறை செலவு, ஆசிரியருக்கு மாதாமாதம் சம்பளம். பட்ஜெட்டில் இரும்பு ஜெயிப்பது அதனால்தான்.

பச்சைக்கொடி: மேடம், வாக்கத்தான் நடத்தினா...

முதல் பதில்.

பச்சைக்கொடி: சரி, காரில்லா நாள்?

வருஷத்துக்கு ஒரு நாள் என்றால் வாக்கத்தானின் தம்பிதான் அது. கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் 1974-ல் தொடங்கியது இன்று ஞாயிறும் விடுமுறையும் தோறும் காலை 7 முதல் 2 வரை, நூறு கி.மீ.க்கு மேல் சாலை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும். ஒரே நேரம், ஒரே சாலை, வாராவாரம் என்பதால் அது பழக்கமாகிறது. சின்ன ஊர் 2 கி.மீ. வளையத்தில் தொடங்கலாம். குறுக்குச் சாலைகளை அடைக்காதீர்கள், ஆள் நிறுத்தி விட்டு விட்டு அனுப்புங்கள். ஆம்புலன்ஸ் வழி முதலிலேயே எழுத்தில் இருக்கட்டும்.

சிலேட்டு: பள்ளிக்குப் பக்கத்தில் துரித உணவுக் கடைகளுக்குத் தடை?

400 மீட்டர் என்று வைக்கும் ஊர்கள் உண்டு, ஐந்து நிமிட நடை. வளாகத்தின் நடுவிலிருந்து அல்ல, வாசலிலிருந்து அளங்கள். இருக்கிற கடைகளை இது அசைக்காது. தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் 2008-ல் தனிக் கட்டடத்தில் வரும் புதுக் கடைகளை மட்டும் தடுத்தார்கள். வணிக வளாகத்துக்குள் கடைகள் வந்துகொண்டே இருந்தன. வரையறையில் விடும் ஓட்டை வழியாகத்தான் எல்லாம் நுழையும்.

புதுமுகம்: மேடம், மறுபடி நான்தான். ஜிம் மெஷினுக்கு டெண்டர் ஏற்கெனவே போயாச்சு. இருபது மெஷின். நிறுத்த முடியாது.

திருத்தம் வெளியிட நாள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எட்டாகக் குறைத்து, மிச்சத்துக்கு அசையும் பாகமே இல்லாத தொங்கு கம்பி, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி என்று மாற்றுங்கள். மூன்று வருடப் பராமரிப்பு அதே ஒப்பந்தத்தில், பழுது என்று புகார் வந்தால் ஏழு நாள் கெடு, தாண்டினால் பில்லில் கழிவு. இடத்தை மர நிழலில், பாதையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி குறித்துக் கொடுங்கள். நாளையே போய்ப் பாருங்கள், மதியம் இரண்டு மணி வெயிலில்.