ஐந்தாம் எண் சாலை: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பழைய துறைமுகங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து காரிலேயே மலேசியாவின் மூவார், மலாக்கா, போர்ட்டிக்சன், கிள்ளான், கோல சிலாங்கூர், பினாங்கு போய்வரலாம் என்று திட்டம் போட்டிருக்கிறோம். நான்கு நாள். நான், கணவர், பதினோரு வயது மகன், மாமனார். மாமனார் சிறுவனாக நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, கிள்ளான் அருகே போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். மகனோ போன முறை மலாக்காவில், "கடலையே காணோம், இது எப்படிம்மா துறைமுகம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்களுக்கு மலாக்கா என்றால் ஜோங்கர் தெருவும் செண்டோல் இனிப்பும்தான். அங்கே இன்னொரு முறை நேரம் செலவழிக்க வேண்டுமா?

க., உட்லண்ட்ஸ்

அன்புள்ள க.,

முதலில் பினாங்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். வயதானவரை வைத்துக்கொண்டு நான்கு நாளில் போய்த் திரும்பினால், பார்த்ததெல்லாம் நெடுஞ்சாலை ஓய்விடங்களாகத்தான் இருக்கும். கோல சிலாங்கூரும் இப்போது வேண்டாம். கிள்ளானோடு திரும்புங்கள்.

அப்புறம், போகும்போது வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். அது உள்நாட்டு வழி. நீங்கள் தேடும் ஊர்கள் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கின்றன. பொந்தியான், பத்து பகாட், மூவார், மலாக்கா, போர்ட்டிக்சன், கிள்ளான் என்று அது கரையை ஒட்டியே போகும். லாரிக்குப் பின்னால் ஊர வேண்டியிருக்கும், போகட்டும். வழியில் பாலங்கள் வரும்போது மகனைக் கடல் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கரையின் பழைய ஊர்கள் பெரும்பாலும் ஆற்று வாயில் உட்கார்ந்தவை. காட்டுப் பொருளும் வெள்ளீயமும் ஆற்று வழியாகத்தான் கீழே வந்தன. ஆற்று வாயைப் பிடித்தவன் வரி வாங்கினான். லூக்குட்டில் உள்ளூர்த் தலைவர் ராஜா ஜுமாஅத் 1847இல் குன்றின்மேல் கோட்டை கட்டியதும் வெள்ளீயத்துக்காகத்தான். போர்ட்டிக்சன் கடற்கரையில் அரை நாள் போக்குவதைவிட, பக்கத்திலிருக்கும் அந்தக் குன்றில் ஒரு மணி நேரம் ஏறி இறங்குவது மேல்.

மூவாரில் ஆற்று முகத்தில் நிற்கும் சுல்தான் இப்ராஹிம் பள்ளிவாசலைப் பாருங்கள். 1930இல் கட்டி முடித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஐரோப்பிய நகர மண்டபம் என்றே தோன்றும். இந்த ஆற்றங்கரையில்தான் 1942 ஜனவரியில் 45ஆவது இந்தியப் பிரிகேடு ஜப்பானியப் படையிடம் சிதறியது. உள்ளே பாரிட் சூலோங்கில், கைவிடப்பட்ட காயம்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியச் சிப்பாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை ஜப்பானியர் கொன்றார்கள். அடுத்த மாதமே சிங்கப்பூர் விழுந்தது.

இனி உங்கள் மகன் கேட்டது. கிளம்புவதற்கு முன் அவனைத் தெலுக் ஆயர் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே நாகூர் தர்கா கட்டப்பட்ட 1830 வாக்கில் அதன் எதிரே இருந்தது கடல். இன்று கட்டடங்கள். மலாக்காவிலும் அதுதான் கதை. போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் 1511இல் ஊரைப் பிடித்ததும் போர்த்துகீசியர் எழுப்பிய கோட்டையை 1807இல் ஆங்கிலேயர் தகர்த்தார்கள். சாந்தியாகோ வாசல் மட்டும் தப்பியது. அதன் நெற்றியில் 1670 என்ற ஆண்டும் பிறகு வந்த டச்சுக் கம்பெனியின் சின்னமும் இருக்கும். கட்டியவன் ஒருவன், முத்திரை குத்தியவன் இன்னொருவன். கோட்டை கட்டிய காலத்தில் கடல் கிட்டத்தில் இருந்தது. இப்போது எதிரே பேரங்காடி நிற்கிறது. மண் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டார்கள். பின்னால் குன்றேறி, கூரையில்லாத செயின்ட் பால் தேவாலயத்திடம் நின்றால் நீரிணை தெரியும். அவனுடைய கேள்விக்கு அங்கே வைத்துப் பதில் சொல்லுங்கள்.

மலாக்காவில் இரண்டு இரவு தங்குங்கள் என்பேன். ஜோங்கர் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. 1781இல் டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் எழுந்தது. அதே வரிசையில் 1748ஆம் ஆண்டுப் பள்ளிவாசல், அதைவிடப் பழைய சீனக் கோயில். செண்டோல் வரிசையில் நிற்கும் நேரத்தில் மூன்றையும் பார்த்துவிடலாம்.

கோயில் மலாக்காச் செட்டிகளுடையது. நகரத்தார் என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நகரத்தார் வேறு, பிற்காலத்தில் வந்தவர்கள். இவர்கள் மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே வந்த தமிழ் வணிகர்களின் வழியினர். தென்மேற்குக் காற்றில் கப்பல் இங்கே வரும். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வேண்டும். காற்று மாறும்வரை மாதக்கணக்கில் தங்கியவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். வீட்டில் மலாய் பேசுவார்கள், பெண்கள் கெபாயா என்ற மலாய்ச் சட்டை உடுத்துவார்கள், பெயரில் பிள்ளை, நாயக்கர் இருக்கும். போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுவார்கள். காஜா பெராங்கில் இவர்களுடைய கிராமமும் சிறிய அருங்காட்சியகமும் உள்ளன. மக்கள் குடியிருக்கும் இடம், வாசலுக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

1511ஐ நினைக்கும்போதெல்லாம் நைனா சட்டு நினைவுக்கு வருவார். சோழமண்டலக் கரை வணிகர். மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியருக்கு உதவியதால், வென்றவர்கள் அவரை பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர் போன்ற பதவியில், ஆக்கினார்கள். 1514இல் பதவியைப் பறித்தபோது சிதை மூட்டி அதில் இறங்கினார். நம்மவர் இந்தக் கதையை அதிகம் பேசுவதில்லை. வென்றவர் பக்கம் சாய்ந்தவர் என்பதால் இருக்கலாம்.

உங்கள் மாமனாரின் துறை. போர்ட் சுவெட்டன்ஹாம் 1901இல் திறந்தது. 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. ரஜூலா அதற்கு அடுத்த ஆண்டோடு ஓய்ந்தது. சரக்குத் துறைக்குள் சும்மா போக முடியாது. ஆனால் கேத்தாம் தீவுக்குப் படகு பிடிக்கும் துறைக்கு யாரும் போகலாம். பக்கத்திலேயே போர்ட் கிள்ளான் ரயில் நிலையம். இறங்கிய துறையும் ஏறிய ரயிலும் அருகருகே என்பதை அவர் பார்த்தாலே போதும். சாப்பாட்டுக்குக் கிள்ளான் நகரத்துத் தெங்கு கிளானா சாலை. திரும்பும்போது நெடுஞ்சாலையில் வாருங்கள்.

முக்கால் டேங்க் எண்ணெய், மலேசிய வாகன நுழைவு அனுமதிப் பதிவு இரண்டையும் மறக்காதீர்கள். அங்கே ரான் 95 பெட்ரோல் நம் சிங்கப்பூர் வண்டிக்குக் கிடையாது, ரான் 97தான். ஞாயிறு மாலை துவாஸ் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மாமனார் எந்த ஆண்டில் வந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. டெக்கில் வந்தாரா, யாரோடு வந்தார், கப்பலில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்றெல்லாம் காரில் போகும்போது பேரனை விட்டுக் கேளுங்கள். திரும்பி வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.