மன்னிப்பு காதலியிடம் இல்லை, அவள் அம்மாவிடம்

கேள்வி: காதல் முறிவைப் பற்றிய ஹிப் ஹாப் பாடல்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது, ஏன்?

அவுட்காஸ்ட் குழுவின் 'மிஸ் ஜாக்சன்'. இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

காதல் முறிவுப் பாட்டு என்றால் போனவளைத் திட்டுவார்கள், இல்லையென்றால் திரும்பி வா என்று கெஞ்சுவார்கள். இந்தப் பாட்டின் பல்லவி இரண்டையும் செய்யாது. பிரிந்துபோன பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்கள் மகளை அழவைக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை" என்று மன்னிப்புக் கேட்கும். அதுவும் ஒரு முறை இல்லை, ஒரு டிரில்லியன் முறை. நம் கணக்கில் லட்சம் கோடி!

எனக்கு இது புரியவே ஏழெட்டு வருடம் ஆனது. முதலில் கேட்டபோது பாப் பாடகி ஜேனட் ஜாக்சனைப் பற்றிய பாட்டு என்று நினைத்தேன். ராப் வேகத்தில் வரிகள் பிடிபடாது, பல்லவியை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒருநாள் வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு கேட்டதும்தான், அடடா, இவ்வளவு நாளாக ஒரு மாமியார் பாட்டைக் காதல் பாட்டு என்று பாடிக்கொண்டிருந்தோமா என்று சிரிப்பு வந்தது.

பின்கதை ஒளிவு மறைவானது இல்லை. அவுட்காஸ்ட் என்பது அமெரிக்காவின் அட்லாண்டா நகரைச் சேர்ந்த இரண்டு பேர்: ஆந்த்ரே 3000, பிக் பாய். ஆந்த்ரேவும் பாடகி எரிக்கா படுவும் காதலித்தார்கள், 1997-இல் ஒரு மகன் பிறந்தான், பிறகு பிரிந்துவிட்டார்கள். படுவின் அம்மாவை மனதில் வைத்துத்தான் பாட்டு. அவர் பெயர் ஜாக்சன் இல்லை, அது பாட்டுக்காக வைத்தது. 'ஸ்டேங்கோனியா' ஆல்பத்தில் வந்த இந்தப் பாட்டு 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹிட் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த இடத்தை அவர்கள் தொட்டது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு கிராமியும் கிடைத்தது.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த வெற்றி இல்லை. பாட்டுக்குள்ளேயே ஒரு சண்டை ஓடுகிறது, அது. பல்லவியில் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்கிறார்கள். பிக் பாயின் பகுதி வந்ததும் தொனி மாறிவிடும். பள்ளிக் கட்டணம், குழந்தைக் காப்பகம், ஆஸ்பத்திரி பில் எல்லாம் நான்தான் கட்டுகிறேன் என்று பட்டியல் போடுவார். உங்கள் பேரப்பிள்ளை ஒரு குழந்தை, மாதாமாதம் வருகிற காசோலை இல்லை என்று கசப்பாகச் சொல்வார். மன்னிப்புக் கேட்க வந்த ஆள், வாசலில் நின்று கணக்குக் கேட்கிற மாதிரி இருக்கும். ஆந்த்ரேவின் பகுதி அப்படியே எதிர். எங்கள் காதல் நிலைக்கும் என்றுதான் நம்பினோம், பிக்னிக்குக்கு எவ்வளவு அழகாக ஏற்பாடு செய்தாலும் அன்றைக்கு மழை வருமா என்று யாரால் சொல்ல முடியும் என்பார். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற முதல் நாளும் பட்டம் வாங்குகிற நாளும் நான் அங்கே இருப்பேன் என்று வாக்குக் கொடுப்பார்.

சிலருக்கு இது முரண்பாடாகப் படுகிறது. பிக் பாய் பாட்டைக் கெடுத்துவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பிரிந்தவன் மனதில் இந்த இரண்டு குரலும் ஒரே சமயத்தில்தான் கேட்கும். ராத்திரி பதினொரு மணிக்கு ஆந்த்ரே, காலையில் பேங்க் மெசேஜ் வந்ததும் பிக் பாய்.

சொந்தக் கதை கொஞ்சம். என் காதல் முறிந்தபோது அவளிடம் பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்தாகிவிட்டது. அவள் அம்மாவிடம்தான் எதுவும் சொல்லவில்லை. எப்போது போனாலும் "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். பிரிந்து ஒரு மாதம் கழித்து ஒருநாள் போனில் அவர் பெயர் ஒளிர்ந்தது. மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. சங்கப் பாடல்களில் மகள் உடன்போக்கு போன பிறகு நற்றாய் தனியாக நின்று புலம்புவாள். அவளுக்குத் தலைவன் வந்து பதில் சொல்வதாக ஒரு பாட்டைத் தேடினால் எனக்கு இந்த அட்லாண்டா பாட்டுதான் கிடைக்கிறது.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரம்ஸைப் பின்னோக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு அடியும் விழுவதற்கு முன்னால் மூச்சை உள்ளே இழுப்பது போல ஒரு சத்தம். நடுவே பியானோவில் திருமண ஊர்வல இசையின் துணுக்கு எட்டிப் பார்க்கும். நடக்காத கல்யாணத்துக்கு! யாருக்கு வந்த யோசனையோ, குறும்பு.

எரிக்கா படு பிற்பாடு ஒரு பேட்டியில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவருக்கு முதலில் கேட்டபோது வலித்திருக்கிறது, குறிப்பாக பிக் பாயின் வரிகள். அவர் அம்மாவுக்கோ ஏகக் குஷி. காருக்கு 'மிஸ் ஜாக்சன்' என்று நம்பர் பிளேட், காபி கோப்பை, பேனா, தலைப்பட்டை என்று ஒன்று விடாமல் வாங்கி வைத்துக்கொண்டாராம்.

முதல் முறை கேட்கப்போகிறீர்கள் என்றால் ஹெட்போனில் கேளுங்கள், வீடியோவை அப்புறம் பாருங்கள். கொட்டுகிற மழையில் ஒரு பழைய வீடு, கூரை ஒழுகிக்கொண்டிருக்கும். இவர்கள் அதைச் சரிசெய்யப் படாத பாடு படுவார்கள். சுற்றியிருக்கும் மிருகங்கள் ஒரு கை கொடுக்காமல் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கும்.