வேடியப்பனின் பெயர்

அன்புள்ள ஐயா,

பர்கூர் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். மாந்தோப்புக்குக் காவல் இருக்கும் ஒரு பாட்டியைப் பற்றி நாவல் எழுதி முடித்திருக்கிறேன். முதல் அத்தியாயத்தை இணைத்துள்ளேன். பாட்டி விளக்கு வைக்கும் வேடியப்பனை 'நடுகல்' என்று மாற்றினால்தான் வெளியூர் வாசகருக்குப் புரியும் என்கிறார் நண்பர். அறுபதாயிரம் ரூபாய் கட்டினால் ஒரே மாதத்தில் புத்தகமாக்கித் தருவதாக ஒரு பதிப்பகம் சொல்கிறது. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள தம்பி,

வேடியப்பனை மாற்றாதீர்கள். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு நட்ட கல் என்று கல்வெட்டு படித்தவர் சொல்வார். பாட்டிக்கு அது சாமி. பேரனுக்குக் காய்ச்சல் கண்டால் போய் முறையிடுகிற இடம். அவள் வாயில் 'நடுகல்' வந்துவிட்டால் அங்கே பேசுவது நீங்கள்தான் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். வாளோங்கி நிற்கும் அந்த உருவத்தில் அவள் எண்ணெய் தடவுகிற ஒரு வரி போதும், எந்த ஊர்க்காரருக்கும் புரியும். அடிக்குறிப்பு வேண்டாம்.

ஆனால் தோப்பில் எல்லாமே வெறும் 'மாம்பழம்' என்று இருக்கிறதே! கூழ் ஆலைக்கு லாரியில் போகும் பெங்களூராவும், வீட்டுக்கென்று எடுத்துவைக்கும் செந்தூராவும் அவளுக்கு ஒன்றா?

பணம் கட்டிப் புத்தகம் போடுவது தவறில்லை. ஆனால் நீங்கள் கொடுப்பது அச்சுக்கூலி என்று தெரிந்து கொடுங்கள். எத்தனை பிரதி, மெய்ப்புப் பார்ப்பது யார், விற்காத பிரதிகள் யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இப்போது ஐம்பது பிரதிகூட அச்சிட முடிகிறது. எழுதியவுடனே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. அதை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டு என்று கொள்ளப்படும். 'நிரந்தரமாக' என்ற சொல் கண்ணில் பட்டால் கையெழுத்திடாதீர்கள். என் முதல் தொகுப்புக்குப் படிக்காமலே கையெழுத்திட்டேன். மறுபதிப்புக்குப் பல ஆண்டுகள் அலைந்தேன்.

அந்த ஒரு மாத அவசரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் வயதான ஒருவரை உட்காரவைத்துப் பாட்டி பேசும் பகுதிகளை உரக்கப் படியுங்கள். "நாங்க அப்பிடிச் சொல்லமாட்டமே" என்று அவர் குறுக்கிடும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தியதும் முழுப் பிரதியையும் அனுப்புங்கள், படிக்கிறேன்.