நாடித்துடிப்பு 46: ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 51. கல்லூரியில் கிராஸ் கன்ட்ரி (மேடுபள்ளமான திறந்தவெளியில் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) அணியில் இருந்தேன். அப்போது தொற்றிக்கொண்ட ஓட்டப் பழக்கத்தை இன்றுவரை விடவில்லை. அலுவலகப் பரிசோதனையில் எடுத்த இசிஜியில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 46 என்று வந்தது. எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதயம் சற்றுப் பெரிதாக இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி வீட்டில் ஒரே பிடிவாதம். என் தந்தை 49 வயதில் மாரடைப்பால் இறந்தார். நான் என்ன செய்ய வேண்டும், டாக்டர்?

பதில்: உங்களையும் வீட்டாரையும் கலங்கடித்த அந்த 46 என்னைக் கலங்கடிக்கவில்லை. ஓய்வாக இருக்கும்போது உடலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் தேவை. சாதாரண இதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லி வீதம் 70 முறை துடித்து அதைக் கொடுக்கிறது. பல ஆண்டுகள் ஓடிப் பழகிய இதயத்தின் அறைகள் சற்று விரிந்திருக்கும். ஒரு துடிப்புக்கு 100 மில்லிக்கு மேல் தள்ளும். அதற்கு 50 துடிப்புக்குள் வேலை முடிந்துவிடுகிறது. துடிப்பு குறைந்ததும் இதயம் பெரிதானதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். ஓடும்போது துடிப்பு தடையின்றி ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஓடி நின்ற உடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். ஓடியும் துடிப்பு ஏறவில்லை என்றால், அல்லது தலைசுற்றல் வந்தால், கதை வேறு. தைராய்டு குறைபாடும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும்கூடத் துடிப்பைக் குறைக்கும். அவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

இந்தப் பயம் புதிதல்ல. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கிராஸ் கன்ட்ரி ஓடியவர் கிளாரன்ஸ் டிமார். 1911இல் அவருடைய இதயத்தில் மர்மர் எனும் வழக்கத்துக்கு மாறான ஒலி கேட்கிறது என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அதே ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் வென்றார். பிறகு மேலும் ஆறு முறை வென்றார். கடைசி வெற்றி 1930இல், 41 வயதில். அறுபதைத் தாண்டியும் ஓடினார். 1958இல், 70 வயதில், புற்றுநோயால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய இதய ரத்தக் குழாய்கள் சாதாரண அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. இந்த விவரம் 1961இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரே ஒருவரை வைத்து எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் நான் உங்களுக்கு இதைச் சொல்வது வேறொரு காரணத்துக்காக: கொழுப்புப் படிவு அவருக்கும் இருந்தது. குழாய் அகலமாக இருந்ததால் ரத்தம் தடைபடவில்லை. ஓட்டம் படிவை முழுவதுமாகத் தடுத்துவிடுவதில்லை.

அதனால்தான், கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, தந்தையின் மாரடைப்பு, அதுதான் என் கவலை. தந்தைக்கு 55 வயதுக்குள் இதயநோய் வந்திருந்தால் மகனுக்கும் ஆபத்து அதிகம். அமெரிக்காவில் ஓட்டத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஜிம் ஃபிக்ஸ் 1984இல், 52 வயதில், ஓடப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். அவருடைய தந்தைக்கு 35 வயதிலேயே முதல் மாரடைப்பு. 43 வயதில் மரணம். ஃபிக்ஸின் முக்கிய இதயக் குழாய்கள் மூன்றுமே குறுகியிருந்தன. ஓட்டம் அவரைக் கொன்றது என்பதை நான் ஏற்கமாட்டேன். பரம்பரையும் பழைய புகைப்பழக்கமும் செய்த வேலையை, நன்றாக ஓட முடிகிறது என்ற நம்பிக்கை மறைத்துவிட்டது.

ஆகவே ஓட்டத்தை விட வேண்டாம். பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், தைராய்டு ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு இதய மருத்துவரிடம் டிரெட்மில் பரிசோதனை (ஓடும் இயந்திரத்தில் ஓடவிட்டு இசிஜி எடுப்பது) பற்றிக் கேளுங்கள். முப்பது ஆண்டுகளாக ஓடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; தெரியாவிட்டால் உங்கள் இசிஜியை நோய் என்று படித்துவிடக்கூடும். குறிப்பிட்ட துடிப்பு எட்டியதும் இயந்திரத்தை நிறுத்திவிடுவது சில இடங்களில் வழக்கம். உங்களைப் போன்றவருக்கு அது போதாது. பாதுகாப்பாக இருக்கும்வரை, களைக்கும் அளவுக்கு ஓட வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் இதயக் குழாய்களில் கால்சியம் படிவைக் காட்டும் சி.டி. ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்.

முடிவுகள் வரும்வரை, பக்கத்தில் ஒருவருடன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். போட்டிகள் வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கமான தூரத்தில் வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, ஒழுங்கற்ற துடிப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். மிச்ச தூரத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காமல் நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.