வாசகர் கேள்வி–பதில்: ‘பாக்கலாம் சார்’ என்றால் சம்மதமா, மறுப்பா?

கேள்வி: கோவையிலிருந்து மாற்றலாகி மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்திருக்கிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), அடங்கல் (அதில் என்ன சாகுபடி என்ற பதிவு) கேட்டால், எல்லோரும் மரியாதையாக ‘பாக்கலாம் சார்’ என்கிறார்கள். யாரும் கொண்டுவருவதில்லை. ஏன்?

பதில்: எங்கே வைத்துக் கேட்டீர்கள்? டீக்கடையில் நாலு பேர் நடுவில் என்றால் வேறு பதில் வராது. டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம் ஏராளம். வாய்மொழிக் குத்தகையும் உண்டு. சாகுபடி செய்பவர் ஒருவர், சிட்டாவில் பெயர் இன்னொருவருக்கு. பங்காளி காதுபட அதை வெளியூர்க்காரரிடம் யார் சொல்வார்? வந்தவர் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்பதும் இங்கே பழக்கமில்லை.

வீட்டுக்குப் போங்கள். வயலில் தண்ணீர் பார்த்துவிட்டு அவர் திரும்பியிருக்கும் 10, 10.30 மணி நல்ல நேரம். கொடுப்பதைக் குடியுங்கள், காபி ஆகாதென்றால் மோர் கேளுங்கள். ‘நிலம் சொந்தமா?’ வேண்டாம். ‘இந்தப் போகம் எத்தனை மா சாகுபடி?’ என்று தொடங்குங்கள். 3 மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. குத்தகை என்று அவரே வாய் திறந்தால், அடங்கல் வாங்க வி.ஏ.ஓ.விடம் நீங்களும் கூடப் போங்கள்.

‘வெள்ளிக்கெழம பாக்கலாம்’ என்றால் சம்மதம். நாள் சொல்லாமல் ‘பாக்கலாம், பாக்கலாம்’ என்று இரண்டு தடவை வந்தால் பெரும்பாலும் மறுப்புதான். ‘வீட்ல ஒரு வார்த்த கேட்டுக்குறேன்’ என்றால் இரண்டு நாள் விட்டுப் போங்கள்.

‘எங்க ஊர்ல’ என்று பேசுகிறவர் ஒருநாள் ‘நம்ம ஊர்ல’ என்பார். நாங்கள், நாம் என்று நம் இலக்கணமே பிரித்து வைத்த கோடு அது. அதை அவர்தான் அழிக்க வேண்டும். நீங்களாக முந்திக்கொண்டு யாரையும் மாமா, மச்சான் என்று அழைக்காதீர்கள். அவை கொள்வினை கொடுப்பினை உறவைச் சொல்பவை. அண்ணே, அய்யா, அம்மா போதும்.

‘நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?’ என்பார்கள். ஊர் கேட்பது அன்பு; தெரு கேட்பது பல நேரம் சாதி கேட்பது. ஊரை மட்டும் சொல்லி வேலைப் பேச்சுக்குத் திரும்புங்கள். நடவுக்கு வரும் 60 வயது அம்மாவை ‘நீ, வா, போ’ என்று கூப்பிடும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஊரோடு ஒத்துப்போகிறேன் என்று அதை மட்டும் தயவுசெய்து பழகிக்கொள்ளாதீர்கள். மிராசுதாருக்குக் கொடுக்கும் அதே ‘வாங்க’வை அவருக்கும் கொடுங்கள்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகையை வாட்ஸாப்பில் அனுப்பினால் போதாதா? கும்பகோணத்து மாமியார் கோபிக்கிறார்.

பதில்: நண்பர்களுக்கும் அலுவலகத்துக்கும் போதும். தாய்மாமன், பங்காளி வீடுகளுக்குத் தம்பதியாக நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, குங்குமத்தோடு வையுங்கள். முதலில் வாட்ஸாப்பில் பார்த்துவிட்டால், பிறகு நேரில் போனாலும் மனத்தாங்கல் ஆறாது. அதனால் நேரில் வைத்து முடிக்கும்வரை குடும்பக் குழுவில் படத்தைப் போடாதீர்கள்.