ஓடைத் தண்ணீரில் ஆரஞ்சுப் படிவு: கீரைக்கு விடலாமா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டான்ஹவுசர் பக்கம் ஓடையிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கிறீர்கள், கற்களில் ஆரஞ்சுப் படிவு, கீரை ஓரம் கருகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். செம்மண் கலங்கல் என்றால் அடியில் தங்கிவிடும். கல்லில் ஒட்டிக்கொண்டு நிற்காது. மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1913-இல் காந்தி நடத்திய வேலைநிறுத்தத்தில் நம் இந்தியத் தொழிலாளர்கள் வெளியேறினார்களே, அந்த நியூகாசில் வட்டாரச் சுரங்கங்கள்தான். நிலக்கரியோடு கிடக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்தில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும், இரும்பும் கரைந்து வரும். கடைசியில் எல்லாம் பஃபலோ ஆற்றுக்குத்தான் போகிறது.

தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அமிலம் கடுமையாக இருந்தால் இரும்பு கரைந்தே இருக்கும், பார்க்கக் கண்ணாடி மாதிரி தெரியும். கொதிக்க வைத்தாலும் அமிலமோ இரும்போ போகாது.

முதலில் 0 முதல் 14 வரை காட்டும் பிஎச் தாள் (அமிலத்தன்மையை அளப்பது; 7-க்குக் கீழே போனால் அமிலம்) வாங்குங்கள் (நீச்சல்குளக் கிட் 7-ஐ ஒட்டித்தான் காட்டும், உதவாது). பாசனத்துக்கு 6.5 முதல் 8.4 வரை இருந்தால் சரி. அதற்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்திவிட்டு, சல்பேட், மாங்கனீசு, அலுமினியம் மூன்றையும் ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு போட்டால் மண்ணின் புளிப்பு குறையும், சல்பேட் உப்பு போகாது. அதுவரை கூரை மழைநீரை ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் பிடித்துக் கீரைக்கு விடுங்கள்.