சிசேரியன் ஆன பெண்களிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? – கேள்வி பதில்

சிசேரியன் பிரசவத்தைப் பெண்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று அவர்களிடமே பேசி ஆராய்வது என் வேலை. நான் மருத்துவர் அல்ல. தையல், மாத்திரை, அடுத்த பிரசவம் பற்றியெல்லாம் உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆய்வு சம்பந்தமாக எதுவானாலும் கேளுங்கள்.

கேள்வி (முதுகலை மாணவி): மேடம், என் கேள்வித்தாள் "பிரசவ அனுபவம் திருப்தியாக இருந்ததா? ஆம் / இல்லை" என்று தொடங்குகிறது. முக்கால்வாசிப் பேர் 'ஆம்' என்றுதான் சொல்கிறார்கள். பெரிய குறை ஏதும் இல்லை என்று எழுதிவிடலாமா?

பதில்: எழுதாதீர்கள். கைக்குழந்தையோடு இருப்பவரிடம் திருப்தியா என்று கேட்டால், குழந்தையைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததே என்ற நிம்மதிதான் அந்த 'ஆம்'. தியேட்டருக்குள் தன்னை எப்படி நடத்தினார்கள் என்பதை அவர் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கவில்லை.

"ஆபரேஷன்தான் என்று முடிவானது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். யார் சொன்னது, என்ன சொல்லிச் சொன்னார்கள், அப்போது கூட யார் இருந்தார்கள் என்று எல்லாம் தானாக வரும். ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "யாரும் என்கிட்ட சொல்லல. கம்மலையும் மோதிரத்தையும் கழட்டிக் குடுங்கன்னு நர்ஸ் கேட்டாங்க. அப்பதான் புரிஞ்சுது." திருப்திக் கேள்விக்கு 'ஆம்' என்று டிக் அடித்தவர்தான் அவரும்.

உடம்பைப் பற்றியும் கேளுங்கள். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போன பிறகு வலி தெரியக் கூடாது. ஆனால் வயிற்றுக்குள் இழுப்பதும் அழுத்துவதும் நன்றாகவே தெரியும். இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் பயம் குறையும். சொல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லையோ என்று பதறிப்போவார்கள். சிலருக்கு உண்மையாகவே வலித்தும் இருக்கும். அதனால் "என்ன உணர்ந்தீர்கள்?", "யாரிடமாவது சொன்னீர்களா?", "அவர்கள் என்ன செய்தார்கள்?" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றாவதுக்கு வரும் பதிலில்தான் உங்கள் ஆய்வே இருக்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள். தாயிடம் தனியாகப் பேசுங்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த பேட்டியை நான் பேட்டியாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் வார்டிலேயே பேட்டியை முடித்துவிட்டால் அலைச்சல் மிச்சம். கூடாதா?

பதில்: கூடாது. மறுநாள் கட்டுப் பிரிக்க வரப்போகும் நர்ஸைப் பற்றி அவர் இன்று எப்படிக் குறை சொல்வார்? வீட்டுக்குப் போய்ச் சில வாரம் ஆகட்டும். முடிந்தால் பல மாதம் கழித்து இன்னொரு முறையும் பேசுங்கள்.

நாளானால் மறந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் பிரசவக் கல்வியாளர் பென்னி சிம்கின் 1991இல் வெளியிட்ட ஆய்வில், தலைப்பிரசவம் முடிந்து 15 முதல் 20 ஆண்டுகள் ஆன 20 பெண்களிடம் பேசினார். அவர்கள் அந்தக் காலத்தில் எழுதி வைத்திருந்ததோடு இப்போது சொன்னதை ஒப்பிட்டுப் பார்த்தார். பெரும்பாலும் நினைவு துல்லியமாக இருந்தது. மருத்துவரும் நர்ஸும் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தை அவர்கள் மறக்கவே இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் இந்தத் துறைக்கு வருகிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

கேள்வி: அக்கா, எனக்கு முதல் குழந்தை சிசேரியன். அடுத்தது நார்மலா ஆகுமா?

பதில்: பலருக்கு ஆகியிருக்கிறது. ஆனால் முதல் தடவை ஏன் ஆபரேஷன் செய்தார்கள், கர்ப்பப்பையில் எந்தத் திசையில் வெட்டினார்கள், இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: உலக சுகாதார நிறுவனமே சிசேரியன் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறது. பெண்கள் வலிக்குப் பயந்து கேட்டு வாங்குவதால்தானே இவ்வளவு கூடிவிட்டது? அதை விட்டுவிட்டு அனுபவம், உணர்வு என்று ஆராய்ந்து என்ன பயன்?

பதில்: 10 முதல் 15 சதவீதம் என்பது 1985இல் பிரேசிலின் ஃபோர்டலேசா நகரில் நடந்த கூட்டத்தில் வந்த கணக்கு. 2015இல் அதே நிறுவனம் மறுபடி ஆராய்ந்தது. ஒரு மக்கள்தொகையில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிக் கூடுவதால் தாய்-சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று சொன்னது. கூடவே, இன்ன சதவீதத்தை எட்ட வேண்டும் என்று முனைவதைவிட, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அது கிடைக்கச் செய்வதே முக்கியம் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. உலக அளவில் சிசேரியன் 2000இல் சுமார் 12 சதவீதம், 2015இல் 21. ஆனால் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் சுமார் 5 சதவீதம்தான். அங்கே கிடைக்காமல் சாகிறார்கள்.

பெண்கள் கேட்டு வாங்குவதாகச் சொல்வதற்கு வருகிறேன். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும், சிசேரியன்தான் வேண்டும் என்று விரும்பும் பெண்கள் சிறுபான்மைதான். அந்தச் சிறுபான்மையும் ஏன் கேட்கிறது? போன பிரசவத்தில் திட்டு வாங்கியவர் இருப்பார், விடிய விடிய யாரும் எட்டிப் பார்க்காமல் துடித்தவர் இருப்பார். அவரிடம் உட்கார்ந்து கேட்டால்தானே அது தெரியும்? அனுபவத்தை ஆராய்வதன் பயன் இதுதான்.

கேள்வி (அவரே): அப்படியானால் தேவையில்லாத ஆபரேஷனே நடக்கவில்லை என்கிறீர்களா?

பதில்: அப்படி நான் சொல்லவில்லை. நிறையவே நடக்கிறது. எங்கே நடக்கிறது என்று மொத்தச் சதவீதத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன். சிக்கலான கேஸ்கள் எல்லாம் வந்து சேரும் பெரிய மருத்துவமனையில் விகிதம் கூடத்தான் செய்யும். மகப்பேறு மருத்துவர் மைக்கேல் ராப்சன் 2001இல் வகுத்த முறையில், பிரசவத்துக்கு வரும் எல்லாப் பெண்களையும் 10 குழுவாகப் பிரிப்பார்கள். தலைப்பிரசவமா, முன்பு சிசேரியன் ஆனதா, வலி தானாக வந்ததா, எத்தனை வாரம், குழந்தை எப்படிக் கிடக்கிறது, ஒன்றா இரட்டையா என்பதுதான் கணக்கு. ஏற்கெனவே சிசேரியன் ஆகி, இப்போது தலை கீழாக உள்ள ஒற்றைக் குழந்தையோடு நிறைமாதத்தில் வருபவர்கள் ஐந்தாம் குழு. பல இடங்களில் மொத்த எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்துவது இந்தக் குழுதான். அதாவது தலைப்பிரசவத்தில் எடுத்த முடிவு அடுத்தடுத்த பிரசவங்களிலும் வந்து நிற்கிறது. தவறைத் தேடுகிறவர்கள் முதலில் அங்கே தேட வேண்டும். பெண்களின் பயத்தில் அல்ல.

கேள்வி (மகப்பேறு மருத்துவர்): ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கும்போது நின்று விளக்கம் சொல்ல முடியாது. ஆனாலும் சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறோம். பிறகு "யாரும் சொல்லவில்லை" என்கிறார்கள். நீங்களும் அதை அப்படியே எழுதிவிடுகிறீர்கள். இது நியாயமா?

பதில்: உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது, டாக்டர். நீங்கள் சொன்னீர்கள் என்பதையும் நம்புகிறேன். ஆனால் இடுப்பைப் பிளக்கும் வலியில், படுத்த வாக்கில் நீட்டிய தாளில் போடும் கையெழுத்தை வைத்து, அவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது என்று எப்படிச் சொல்வது? நீங்கள் சொன்னது உண்மை, அவர் காதில் விழாததும் உண்மை. என் ஆய்வில் இரண்டையும் எழுதுகிறேன். உங்களைப் போன்றவர்களையும் பேட்டி எடுக்கிறேன்.

அவசரமாக ஆபரேஷன் ஆனாலும் மனம் உடையாமல் வந்த தாய்மார்களிடம் கேட்டால், பலர் சொல்வது ஒரே விஷயம்தான். தலைமாட்டில் ஒருவர் நின்று "இப்போ அழுத்தம் தெரியும்", "குழந்தையை எடுத்தாச்சு, துடைக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், ஒரு ஆள் போதும். மறுநாள் வார்டு ரவுண்டில் நடந்ததை இன்னொரு முறை விளக்கிச் சொன்னால், "யாரும் சொல்லவில்லை" என்பதில் பாதி குறையும்.

கேள்வி: மேடம், நார்மல் டெலிவரிக்கு என்ன செய்யணும்?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: 10 சதவீதமா, 15 சதவீதமா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: ஒரே வரியில் சொன்னதால்தான் முப்பது வருடக் குழப்பம். மேலே இருப்பதை முழுதாகப் படியுங்கள்.

கேள்வி (ஒரு கணவர்): ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். மனைவி சரியாகத் தூங்குவதில்லை, அடிக்கடி அழுகிறாள். "குழந்தை நல்லாத்தானே இருக்கு" என்றால் கோபப்படுகிறாள். இது உங்கள் துறையா என்று தெரியவில்லை.

பதில்: என் துறையோ இல்லையோ, இதற்குப் பதில் சொல்லாமல் போக மாட்டேன். அந்த வாக்கியத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள், தம்பி. தன் கஷ்டத்துக்கு இடமே இல்லை என்றுதான் அது அவர் காதில் விழும். "அன்னிக்கு உள்ள என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் அது சாதாரணச் சோர்வு அல்ல. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், தியேட்டரில் நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சாக வேண்டும் என்றோ குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேன் என்றோ ஒரு வார்த்தை வந்தாலும் தனியாக விடாதீர்கள், அன்றே போங்கள்.

கேள்வி (செவிலியர்): பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான எடின்பரோ அளவுகோலில் 13 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களை மனச்சோர்வு நோயாளிகள் என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: வேண்டாம். 1987இல் வந்த அந்த 10 கேள்விகள் சல்லடை மட்டுமே. நோய் என்று முடிவு செய்ய மருத்துவர் பார்க்க வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'உண்டு' என்று பதில் வந்தால் யாருக்குத் தகவல் சொல்வது, எங்கே அனுப்புவது என்று ஏற்பாடு செய்யாமல் அந்தத் தாளைக் கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: எத்தனை பேரைப் பேட்டி எடுக்க வேண்டும்?

பதில்: இனிப் புதிதாக எதுவும் வரவில்லை என்று ஆகும் வரை. பத்து பேரிடம் பொறுமையாகப் பேசியது, நூறு பேரிடம் டிக் வாங்கியதைவிட மேல்.

கேள்வி (முதுகலை மாணவி): தனியாகப் பேசச் சொன்னீர்கள், மேடம். மாமியார் அறையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறாரே, என்ன செய்வது?

பதில்: இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மாமியாரை வேறு அறைக்குக் கூப்பிட்டு, அவருடைய பிரசவங்களைப் பற்றிக் கேட்கட்டும். சும்மா சாக்குக்காக அல்ல, அவர் சொல்வதையும் சம்மதம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். அவரிடமும் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்போதும் நகரவில்லை என்றால், திட்டியது, அடித்தது, வீட்டார் கட்டாயப்படுத்தியது பற்றிய கேள்விகளை அன்று எடுக்காதீர்கள். பேட்டியின் போது அறையில் யார் யார் இருந்தார்கள் என்று குறிப்பில் எழுதிவிட்டு, வேறொரு நாள் தாயின் வசதி கேட்டுப் போங்கள்.